போர் நடுவே கூடிய மகளிர் மாநாடு

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள். ஐரோப்பாவில் பெரும்போர் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஆறு நாள்களுக்கு முன்புதான் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டிருந்தது. மூன்று நாள்களுக்கு முன்பு துருக்கியின் கலிப்போலிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியிருந்தன. அந்நேரத்தில், போரில் சேராத நெதர்லாந்தின் ஹேக் நகரில், விலங்கியல் பூங்காவைச் சேர்ந்த ஒரு பெரிய மண்டபத்தில் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 1,100க்கும் மேற்பட்ட பெண்கள் ஒன்றுகூடினர். ஒருவரை ஒருவர் கொன்று குவித்துக்கொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மேடையில் அமர்ந்தனர். போரை நிறுத்துவது எப்படி, இனியொரு போர் வாராமல் காப்பது எப்படி என்னும் இரு வினாக்களே அவர்கள் முன் இருந்தன.

அவர்களுள் பெரும்பாலோருக்குத் தம் நாட்டில் வாக்குரிமைகூட இல்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பின்லாந்து, நார்வே போன்ற மிகச் சில நாடுகளே அதுவரை பெண்களுக்கு அவ்வுரிமையை வழங்கியிருந்தன. போரை அறிவிக்கும் அதிகாரமோ நிறுத்தும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை. ஆயினும் நான்கு நாள் நடந்த அம்மாநாடு, பன்னாட்டு அமைதி இயக்கத்தின் வரலாற்றில் அழியாத ஓர் இடத்தைப் பெற்றது. அது எவ்வாறு கூடியது, என்ன செய்தது, அதிற் பங்கேற்றோர் அதற்காகக் கொடுத்த விலை யாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னோடிப் பெண்மணி

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பெர்த்தா வான் சுட்னர். 1843இல் பிராக் நகரில், ஆஸ்திரியப் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே மறைந்த அவருடைய தந்தை உயர்ந்த பதவி வகித்த படைத்தளபதி. போர்ப் புகழைப் போற்றும் குடும்பத்தில் வளர்ந்த அவர், பொருள் வசதி குன்றியபோது ஒரு பிரபுவின் வீட்டில் ஆசிரியையாகப் பணியாற்றினார். 1876இல் பாரிஸ் நகரில் ஆல்பிரட் நோபலிடம் மிகச் சில நாள்கள் செயலராக இருந்தார். பணி நின்றபோதும் நட்பு நிலைத்தது. நோபல் 1896இல் மறையும் வரை இருவரும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர்.

1889இல் ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. போரில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதையாக, போர்க்களத்தின் உண்மை நிலையை மறைப்பின்றிக் காட்டிய அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. டால்ஸ்டாய் அதனைப் பாராட்டி எழுதினார். 1891இல் ஆஸ்திரிய அமைதிச் சங்கத்தைப் பெர்த்தா நிறுவினார். டைனமைட் கண்டுபிடித்துப் பெரும்பொருள் ஈட்டிய நோபல் தம் உயிலில் அமைதிக்கென ஒரு பரிசை ஏற்படுத்தியதற்கு இப்பெண்மணியின் நட்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அப்பரிசு 1905இல் பெர்த்தாவுக்கே வழங்கப்பட்டது. அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே.

1899இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அழைப்பின்பேரில் ஹேக் நகரில் அரசுகளின் முதல் அமைதி மாநாடு கூடியது. பெண்களுக்கு அங்கே பேராளர் இடம் இல்லை. பெர்த்தா அங்குச் சென்று, வந்திருந்த தூதர்களைச் சந்தித்து வாதாடினார். அதே வேளையில் ஜெர்மனியைச் சேர்ந்த மார்கரெத்தே செலென்கா என்பவர் பதினெட்டு நாடுகளின் பெண்களிடம் ஆதரவு திரட்டி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பான விண்ணப்பத்தை அம்மாநாட்டிற்கு அளித்தார். பன்னாட்டுப் பூசல்களைத் தீர்க்கும் நிலையான நடுவர் மன்றம் அம்மாநாட்டின் பயனாகவே ஹேக் நகரில் தோன்றியது.

பெர்த்தா தம் இறுதிக் காலம் வரை வரப்போகும் பெரும்போரைப் பற்றி எச்சரித்து வந்தார். 1914 ஜூன் 21ஆம் நாள் அவர் மறைந்தார். சரியாக ஏழு நாள்களுக்குப் பின், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு மாதத்திற்குள் ஐரோப்பா முழுதும் தீப்பற்றியது.

அழைப்பு

போர் வெடித்தபோது பெண்கள் இயக்கங்களும் பிளவுபட்டன. 1904இல் தோன்றிய பன்னாட்டு மகளிர் வாக்குரிமைக் கூட்டணி தன் அடுத்த மாநாட்டை 1915 ஜூன் மாதம் பெர்லினில் நடத்தத் திட்டமிட்டிருந்தது. போரால் அது கைவிடப்பட்டது. பிரிட்டனில் எம்மலின் பாங்கர்ஸ்ட் போன்ற புகழ்பெற்ற தலைவியர் வாக்குரிமைப் போராட்டத்தை நிறுத்திவைத்து, படைக்கு ஆள் சேர்க்கும் பணியில் இறங்கினர். அவருடைய மகள் சில்வியாவோ போரை எதிர்த்தார். ஒரே குடும்பத்தில் தாயும் மகளும் எதிரெதிராய் நின்றது அக்காலத்தின் நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

இச்சூழலில் நெதர்லாந்திலிருந்து ஓர் அழைப்பு எழுந்தது. விடுத்தவர் மருத்துவர் அலெட்டா யாக்கோப்ஸ். அந்நாட்டில் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்ந்து பயின்ற முதற்பெண் அவர்; முதற்பெண் மருத்துவரும் அவரே. பெர்லினில் கூட முடியாதென்றால் நடுநிலை நாட்டில் கூடலாம் என்றார் அவர். நாடுகள் பகைத்திருக்கும் காலத்தில்தான் பெண்கள் தம்முள் பகையில்லை என்பதைக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. 1915 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பெண்கள் சிலர் கூடி மாநாட்டிற்கான ஏற்பாடுகளைத் தொடங்கினர். ரோசா மானுஸ் என்னும் டச்சு இளம்பெண் ஏற்பாட்டுப் பணிகளில் யாக்கோப்சுக்குத் துணை நின்றார்.

மாநாட்டுக்குத் தலைமையேற்க அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் அழைக்கப்பட்டார். 1889இல் சிகாகோ நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் ‘ஹல் ஹவுஸ்’ என்னும் சேவை இல்லத்தைத் தோழி ஒருவருடன் நிறுவியவர் அவர். பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள் அங்கே அண்டை வீட்டாராய் இணங்கி வாழ்வதைக் கண்டவர். தெருவில் இயல்வது உலகிலும் இயலும் என்பது அவர் அனுபவத்திற் பிறந்த நம்பிக்கை. 1915 ஜனவரியில் வாஷிங்டனில் தோன்றிய மகளிர் அமைதிக் கட்சியின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

வழியில் நின்ற தடைகள்

ஹேக் நகருக்குச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் ‘நூர்தாம்’ என்னும் டச்சுக் கப்பலில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டனர். கண்ணிவெடிகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் நிறைந்த கடல் அது. பயணத்தின்போதே அவர்கள் நாள்தோறும் கூடி மாநாட்டுத் தீர்மானங்களை விவாதித்தனர். ஆங்கிலக் கால்வாயில் டோவர் அருகே பிரிட்டிஷ் அதிகாரிகள் கப்பலைப் பல நாள்கள் நிறுத்திவைத்தனர். மாநாடு தொடங்கும் நேரத்துக்குத்தான் அவர்கள் ஹேக் வந்து சேர முடிந்தது.

பிரிட்டனில் 180 பெண்கள் வர விரும்பினர். அரசு மிகச் சிலருக்கே கடவுச்சீட்டு வழங்க இசைந்தது. அவர்களும் புறப்படும் தறுவாயில் வடகடலில் கப்பல் போக்குவரத்து மூடப்பட்டது. முன்னரே நெதர்லாந்து வந்திருந்த கிறிஸ்டல் மக்மில்லன், காத்லீன் கோர்ட்னி ஆகிய இருவரும், அமெரிக்கக் கப்பலில் வந்த எம்மலின் பெத்திக் லாரன்சுமாக மூவர் மட்டுமே பிரிட்டனின் பிரதிநிதிகளாயினர். ஜெர்மனியிலிருந்து 28 பேர் வந்தனர். அந்நாட்டின் பெரிய மகளிர் கூட்டமைப்பு அவர்களைக் கண்டித்திருந்தது. ஜெர்மானியரின் பிடியிலிருந்த பெல்ஜியத்திலிருந்து ஐந்து பெண்கள் ஆக்கிரமிப்பு அதிகாரிகளிடம் அனுமதி பெற்று வந்து சேர்ந்தனர்.

பிரான்சிலிருந்து ஒருவரும் வரவில்லை. தம் மண்ணில் பகைவரின் படை நிற்கும்போது பகை நாட்டுப் பெண்களுடன் அமர்ந்து சமாதானம் பேச இயலாது என்று அந்நாட்டு மகளிர் அமைப்புகள் அறிவித்துவிட்டன. இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நீதியாகுமா என்னும் வினா அதனுள் இருந்தது. அமைதி இயக்கம் அன்று சந்தித்த மிகக் கடினமான வினா அது. பிற்காலத்திலும் அவ்வினா அதனைத் தொடர்ந்து வந்தது.

தீர்மானங்கள்

மாநாட்டில் பேசுவோர்க்கு இரண்டு விதிகள் வகுக்கப்பட்டன. இப்போருக்கு யார் பொறுப்பு என்பதையும், அது எம்முறையில் நடத்தப்படுகிறது என்பதையும் விவாதிக்கக் கூடாது. பேராளராக வருவோர், பன்னாட்டுப் பூசல்கள் அமைதி வழியில் தீர்க்கப்பட வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் இரண்டு கொள்கைகளையும் ஏற்றவராயிருக்க வேண்டும். பழி சுமத்தத் தொடங்கினால் சபை முதல் நாளே கலைந்துவிடும் என்பதை உணர்ந்தே இவ்விதிகள் அமைந்தன. உண்மையை மறைப்பது நோக்கமன்று. தீர்வை முதலில் தேடுவதே நோக்கம்.

இருபது தீர்மானங்கள் நிறைவேறின. எந்த நிலப்பகுதியும் அங்கு வாழும் மக்களின் இசைவின்றி ஒரு நாட்டிடமிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றப்படக் கூடாது. வெளிநாட்டுக் கொள்கை மக்களாட்சியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்; மறைமுக ஒப்பந்தங்கள் செல்லாது. ஆயுத உற்பத்தி தனியார் இலாபத்திற்குரிய தொழிலாக இருக்கலாகாது. அரசுகள் அதனைத் தம் கையில் எடுத்து, ஆயுத வாணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நாடுகளின் பூசல்களைத் தீர்க்க நிலையான பன்னாட்டு அமைப்புகள் வேண்டும். குழந்தைகளின் கல்வி அமைதி நாட்டத்தை வளர்ப்பதாக அமைய வேண்டும். போர்க்காலத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைக் கண்டித்த தீர்மானமும் அவற்றுள் ஒன்று. நாட்டின் மானம் என்று சொல்லப்படும் போர், பெண்ணின் மானத்தைக் காப்பதில்லை என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இவற்றுள் நடைமுறைக்கு மிக நெருங்கியது ‘தொடர் நடுவண்மை’ என்னும் திட்டம். இதனை வகுத்தவர் ஜூலியா கிரேஸ் வேல்ஸ். கனடாவிற் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை அவர். நடுநிலை நாடுகளின் அறிஞர்கள் ஒரு சபையாக அமர வேண்டும். போர்நிறுத்தம் வரட்டும் என்று காத்திராமல், போர் நடக்கும்போதே சமாதான யோசனைகளை எல்லாத் தரப்புக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். வரும் விடைகளைக் கொண்டு யோசனைகளைத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். முதலிற் சமாதானம் கேட்பவர் தோற்றவராகக் கருதப்படுவார் என்னும் அச்சத்தால் எவரும் வாய் திறக்காத நிலையில், ஒருவருக்கும் மானக்குறைவு நேராத வழி இதுவே என்றார் அவர்.

மாநாட்டின் இறுதிநாளில் ஹங்கேரியின் ரோசிகா ஷ்விம்மர் எழுந்தார். தீர்மானங்களை அஞ்சலில் அனுப்பிவிட்டு அமர்ந்திருப்பது போதாது. பெண்களே தூதர்களாக ஒவ்வொரு தலைநகருக்கும் சென்று அரசுத் தலைவர்களின் கையில் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்றார். நடக்கக்கூடிய காரியமா என்று தயங்கியோர் பலர். வாக்கெடுப்பில் அவருடைய யோசனை நிறைவேறியது.

தூது

மே 7ஆம் நாள் லூசிட்டானியா என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. பகையுணர்ச்சி உச்சத்தை எட்டிய அந்நாள்களில் பெண் தூதர்கள் புறப்பட்டனர். ஜேன் ஆடம்ஸ், அலெட்டா யாக்கோப்ஸ் ஆகியோரின் குழு லண்டன், பெர்லின், வியன்னா, புடாபெஸ்ட், பெர்ன், ரோம், பாரிஸ் ஆகிய நகரங்களுக்கும், பெல்ஜிய அரசு தங்கியிருந்த லஹாவ்ர் நகருக்கும் சென்றது. போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்டையும் அக்குழு சந்தித்தது. ஷ்விம்மர், மக்மில்லன், அமெரிக்கப் பொருளியல் பேராசிரியை எமிலி கிரீன் பால்ச், டச்சுப் பெண்மணி கோர் ராமோன்ட் ஹிர்ஷ்மன் ஆகியோரின் குழு ஸ்காண்டிநேவியத் தலைநகரங்களுக்கும் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகருக்கும் சென்றது.

எங்கும் அவர்கள் கேட்டது ஒரே விடைதான். தற்காப்புக்காகவே நாங்கள் போரிடுகிறோம் என்று ஒவ்வோர் அரசும் சொன்னது. சமாதானத்தை முதலிற் கேட்டால் அது பலவீனமாகத் தோன்றும் என்றும் ஒவ்வோர் அரசும் அஞ்சியது. ஆயினும் நடுநிலை நாடுகள் முன்வந்து ஒரு சபை கூட்டினால் அதனைப் பகைமைச் செயலாகக் கருத மாட்டோம் என்னும் குறிப்பு பல இடங்களிற் கிடைத்தது. வியன்னாவில் ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் ஸ்ட்யூர்க்கைச் சந்தித்தபோது, பெண்கள் இவ்வாறு நாடு நாடாய்ச் செல்வது தங்களுக்குப் பேதைமையாகத் தோன்றலாம் என்று ஆடம்ஸ் பணிவுடன் கூறினார். அதைக் கேட்ட அமைச்சர் மேசையைத் தட்டி, இந்த அறையில் பல மாதங்களாகப் பேசப்பட்டவற்றுள் அறிவுள்ள பேச்சு இதுவே என்னும் பொருள்பட விடையிறுத்தார். படைக்கு ஆளும் பொருளும் கேட்டு வந்தவர்களையே அதுவரை அவர் அங்குக் கண்டிருந்தார்.

தூதர்கள் இறுதியில் நம்பியது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனை. நடுநிலை நாடுகளுள் பெரியது அமெரிக்கா. வில்சன் அவர்களை மரியாதையுடன் வரவேற்றார். தீர்மானங்களைப் படித்துப் பாராட்டினார். சபை கூட்ட மட்டும் முன்வரவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சத் திட்டத்தில் வெளிப்படையான ஒப்பந்தங்கள், ஆயுதக் குறைப்பு, நாடுகளின் பொதுச் சங்கம் ஆகியவை இடம்பெற்றன. மூன்றாண்டுகளுக்கு முன்பே ஹேக் நகரின் பெண்கள் கேட்டவை அவை. இடையிற் சென்ற மூன்றாண்டுகளில் மாண்டோர் பல லட்சம்.

கொடுத்த விலை

ஹேக் மாநாட்டுக்குப் புறப்படும் முன்பே முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அமெரிக்கப் பெண்களின் முயற்சியை மூடத்தனமானது, இழிவானது என்று சாடியிருந்தார். நாடு திரும்பிய ஆடம்ஸ் 1915 ஜூலை 9ஆம் நாள் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் பேசினார். துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொல்லப் பாயுமுன் வீரர்களுக்கு மதுவோ வேறு ஊக்கப்பொருளோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பல நாடுகளிலும் தாம் கேட்டதைக் கூறினார். மனிதன் இயல்பாகக் கொலையை நாடுபவன் அல்லன் என்பதே அவர் சொல்ல வந்த கருத்து. பத்திரிகைகளோ அவர் வீரர்களை அவமதித்துவிட்டார் என்று முழங்கின. அதுவரை நாட்டின் மிக மதிப்புக்குரிய பெண்மணியாகப் போற்றப்பட்டவர் ஒரே வாரத்தில் ஏளனத்துக்கும் வசைக்கும் உரியவரானார். மேடைகள் அவருக்கு மூடப்பட்டன. தாம் தனித்து விடப்பட்டதைவிட, தம் மனச்சான்று ஒருவேளை தவறோ என்று தமக்குள் எழுந்த ஐயமே தம்மை வாட்டியது என்று பின்னாளில் அவர் எழுதினார்.

எமிலி பால்ச் வெல்லெஸ்லி கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தவர். போர்க்காலத்தில் அமைதிப் பணியில் ஈடுபட்டதால் 1918இல் கல்லூரி அவருடைய பணியைப் புதுப்பிக்க மறுத்தது. ஐம்பது வயதைக் கடந்த நிலையில் வேலையும் ஓய்வூதியமும் இன்றி நின்றார் அவர். ரோசிகா ஷ்விம்மர் பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிக் குடியுரிமை கேட்டார். நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவீரா என்ற கேள்விக்கு ஏந்தேன் என்று விடையளித்தார். ஐம்பது வயதான ஒரு பெண்ணை எந்தப் படையும் அழைக்கப்போவதில்லை. ஆயினும் 1929இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. ஏந்துவேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அப்பொய்யை அவர் சொல்லவில்லை. 1948இல் எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமலே அவர் மறைந்தார்.

சூரிச், 1919

போர் முடிந்ததும் மீண்டும் கூடுவோம் என்று ஹேக் நகரில் அவர்கள் உறுதி பூண்டிருந்தனர். 1919 மே மாதம் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அவ்வாறே கூடினர். வென்ற நாட்டுப் பெண்களும் தோற்ற நாட்டுப் பெண்களும் நான்காண்டுகளுக்குப் பின் ஒருவரை ஒருவர் கண்டனர். நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்ததால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பஞ்சம். அங்கிருந்து வந்த தோழியர் சிலர் அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தனர். முற்றுகையை நீக்கி உணவு அனுப்ப வேண்டும் என்று மாநாடு பாரிசில் கூடியிருந்த அரசுத் தலைவர்களுக்குத் தந்தி அனுப்பியது.

அதே நாள்களில் வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் வெளிவந்தன. அவற்றைப் படித்த அப்பெண்கள், இந்நிபந்தனைகள் ஐரோப்பாவில் பகையை விதைத்து எதிர்காலப் போர்களுக்கு வழிவகுக்கும் என்று தீர்மானம் இயற்றினர். அவ்வொப்பந்தத்தை வெளிப்படையாகக் கண்டித்த முதற் சபைகளுள் அது ஒன்று. வென்ற நாட்டுப் பெண்களே அத்தீர்மானத்தில் முன்னின்றனர். இருபதாண்டுகள் கழித்து அடுத்த உலகப்போர் மூண்டது.

சூரிச் மாநாட்டின் கடைசி நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அங்கிருந்தோர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தனர். போரில் பாழான வடகிழக்குப் பிரான்சைச் சேர்ந்த ஷான் மெலான் தாமதமாக வந்து சேர்ந்தார். மேடையில் அவர் தோன்றியதும் ஜெர்மனியின் லிடா குஸ்தாவா ஹைமன் விரைந்து எழுந்து, தம் கைகளை நீட்டி அவரை வரவேற்றார். பிரெஞ்சுப் பெண்ணும் ஜெர்மானியப் பெண்ணும் கைகோத்து நின்றபோது சபை முழுதும் எழுந்தது. போருக்கு எதிராகத் தம் வாழ்வை ஒப்படைப்பதாக அனைவரும் கையுயர்த்தி உறுதி கூறினர். 1915இல் வர மறுத்த பிரான்சின் பெண்கள் எழுப்பிய வினாவுக்கு, சொல்லால் அன்றிச் செயலால் கிடைத்த விடை அது.

‘அமைதிக்கும் விடுதலைக்குமான மகளிர் பன்னாட்டுச் சங்கம்’ என்னும் பெயரை இயக்கம் அங்கேதான் ஏற்றது. ஜெனிவாவில் அதன் அலுவலகம் அமைந்தது. ஆடம்ஸ் தலைவராகவும், வேலையிழந்து நின்ற எமிலி பால்ச் செயலராகவும் பொறுப்பேற்றனர்.

இந்தியாவை நோக்கி

இவ்வியக்கத்தின் சிந்தனையும் இந்திய அகிம்சைச் சிந்தனையும் வெவ்வேறு ஊற்றுகளில் தோன்றிப் பின்னர் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆடம்ஸ் 1896இல் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைச் சந்தித்தார். அதே டால்ஸ்டாயுடன் பிற்காலத்திற் கடிதத் தொடர்பு கொண்டவர் காந்தியடிகள். இளமையில் தம் ஐயங்களைத் தீர்த்து, அகிம்சையில் தம்மை ஊன்றச் செய்தவர்களுள் ஒருவராகச் சமணப் பெரியார் ராஜசந்திரரைக் காந்தியடிகள் போற்றியதைப் பலரும் அறிவர். 1923இல் ஆடம்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது காந்தியடிகள் சிறையில் இருந்தார்.

இன்னும் நெருங்கிய தொடர்புடையவர் ஜானெட் ராங்கின். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண் அவர். 1917இல் பதவியேற்ற சில நாள்களிலேயே போர்த் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கீழவையில் எதிர்த்து வாக்களித்த ஐம்பது பேருள் அவரும் ஒருவர். அடுத்த தேர்தலுக்குப் பின் அவர் மீண்டும் அவைக்குள் நுழைய இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதன் மறுநாள் அதே வினா மீண்டும் அவர் முன் வந்தது. கீழவையில் ஆதரவு 388, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒரு வாக்கு ராங்கினுடையது. அவையை விட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்தது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து காவலர் வரும்வரை காத்திருந்தார். பதவிக்காலம் முடிந்தபின், காந்தியடிகளின் வழியை அறியும் ஆவலால் 1946 முதல் பலமுறை இந்தியாவுக்கு வந்தார். 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் அணிவகுத்தபோது, 87 வயதில் அவ்வணியின் முன் நடந்தார்.

நிலைத்தது எது?

1931இல் ஜேன் ஆடம்ஸுக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. தம் பங்குத் தொகையை அவர் சங்கத்திற்கே அளித்தார். 1935இல் அவர் மறைந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஹைமனும் அவர் தோழி அனிதா ஆக்ஸ்புர்கும் வெளிநாட்டிலிருந்தனர். ஹிட்லரை நாட்டை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று பல்லாண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய உடைமைகள் பறிக்கப்பட்டன. நூல்களும் ஆவணங்களும் அழிந்தன. தாய்நாடு திரும்பாமலே 1943இல் இருவரும் சூரிச்சில் மறைந்தனர். ஹேக் மாநாட்டின் ஏற்பாடுகளைச் செய்த ரோசா மானுஸ் யூதர். 1941இல் நாஜிகளாற் கைதுசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டு அவர்களின் பிடியிலேயே உயிர்நீத்தார்.

ஹிட்லரின் கொடுமை இவ்வியக்கத்தின் மனச்சான்றை உலுக்கியது. பிரெஞ்சுப் பெண்கள் எழுப்பிய பழைய வினா இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது. வாழ்நாள் முழுதும் போரை எதிர்த்த எமிலி பால்ச், மிகுந்த மனவேதனைக்குப் பின், நாஜிகளை எதிர்க்கும் போரைத் தவிர்க்க இயலாததென ஏற்றார். ராங்கினோ தம் நிலையிலிருந்து அசையவில்லை. ஒரே இயக்கத்தைச் சேர்ந்த இருவர் வெவ்வேறு முடிவுக்கு வந்தனர். இருவர் மனச்சான்றும் தூயது என்பதில் ஐயமில்லை. பால்ச் அப்போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உதவுவதில் ஈடுபட்டார். 1946இல் அவருக்கும் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. தம் பரிசுத் தொகையை அவரும் சங்கத்திற்கே கொடுத்தார்.

1915இல் கூடிய பெண்கள் போரை நிறுத்தவில்லை. அவ்வகையில் அவர்கள் முயற்சி தோற்றதே. ஆனால் அவர்கள் கேட்டவற்றை எண்ணிப் பார்க்கலாம். மக்களின் இசைவின்றி நிலம் கைமாறலாகாது என்பது இன்று பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படை. நாடுகள் நிலையான ஒரு சபையில் அமர்ந்து பேச வேண்டும் என்பது முதலில் நாடுகளின் சங்கமாகவும், பின்னர் ஐக்கிய நாடுகள் சபையாகவும் உருப்பெற்றது. போரில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை குற்றம் என்பதும், அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதும் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்டன. ஹேக் மாநாட்டின் தீர்மானங்களுக்கும் அந்நாளுக்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயுத வாணிகத்தை இலாபத் தொழிலாக்கக் கூடாது என்னும் தீர்மானம் மட்டும் இன்றும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

2015 ஏப்ரலில் மாநாட்டின் நூற்றாண்டு நிறைவையொட்டி அச்சங்கத்தின் பெண்கள் உலகெங்குமிருந்து மீண்டும் ஹேக் நகரில் கூடினர். அவர்கள் கையில் இருந்த பணிகளின் பட்டியல் பெரும்பாலும் பழையதே. கொல்லாமை எளிய அறம் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஊரெல்லாம் பகை பேசும் நாளில் பகை பேசாதிருப்பதற்கு, களத்தில் நிற்பதற்கு வேண்டிய அளவு துணிவு வேண்டும். வேலையையும் நாட்டையும் நற்பெயரையும் இழந்தபோதும் அத்துணிவை இழக்காத பெண்கள் இருந்தார்கள் என்பது வருங்காலத் தலைமுறை அறிய வேண்டிய செய்தியாகும்.